நாலாவது இழுப்பு

என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது. அதில் ஒரு நீல நைலான் கயிறு தொங்குகிறது. சுண்டுவிரல் பருமன், கைகளை அகல விரித்து அளந்தால் நாலு பாகம் வரும். ஒரு நுனியில் இடுப்பில் மாட்டிக்கொள்ளும் சுருக்கு. மறு நுனியில் ஒரு முழ நீளத்துக்கு, பிடித்துப் பிடித்தே நீலம் போய் வெளுத்துக் கிடக்கிறது. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, குடிதண்ணீர், பெயின்ட் என்று சாமான் ஏற்றிவிடும் அலுவலகம் எங்களுடையது. கயிறு தொங்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனாலும் வருகிறவர்களில் யாராவது கேட்காமல் இருப்பதில்லை. "துணி காயப்போடவா அண்ணாச்சி?" என்று ஒரு லாரி டிரைவர் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். அந்த ஆணி இதுவரை மூன்று தடவை காரையோடு பெயர்ந்து கையில் வந்துவிட்டது. கட்டடம் பழசாகிவிட்டது என்று முதலாளி ஒவ்வொரு தடவையும் பெருமூச்சு விடுவார். கட்டடத்தின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கயிற்றின் சுருக்குப் பக்கம் என் அத்தானுடையது. வெளுத்த பக்கம் என்னுடையது. அத்தான் என்றால் அக்காவின் கணவர். திரேஸ்புரத்துச் சங்கு குளியாளி, கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். எங்கள் பக்கத்தில் கடலுக்குள் இறங்குகிறவனின் கயிற்றை அவன் மச்சினன்தான் பிடிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் உண்டு. கூடப் பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் கிடப்பதால் மேலே நிற்கிறவன் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நிற்பானாம். அக்கா கல்யாணத்துக்கு முன்னால் நான் வள்ளத்தில் கால் வைத்ததில்லை. பி.காம். முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டு, மதியம்வரை தூங்குகிற ஆள். கல்யாணம் முடிந்த வாரமே அக்கா இந்தக் கயிற்றின் நுனியை என் கையில் கொடுத்து, "ஏலே, தூங்கிராத" என்றாள். நான் தூங்கவில்லை. ஆறு சீசன் பிடித்தேன்.

வள்ளத்தின் கம்ப்ரசரிலிருந்து போகும் காற்றுக் குழாயை வாயில் கடித்துக்கொண்டுதான் இறங்குவார்கள். வாயில் குழாயைக் கடித்தவனுக்குப் பேச்சு ஏது? கயிறுதான் பேசும். ஒரு இழுப்பு இழுத்தால் மேலே தூக்கு. இரண்டு இழுத்தால் குழாயைத் தளர்த்து. வேகவேகமாக மூன்று நாலு தடவை வெட்டி இழுத்தால் சங்கு நிறையக் கிடக்கிறது, வள்ளத்தை நகர்த்தாதே என்று அர்த்தம். அந்த இழுப்பு வந்தால் எனக்கு உள்ளங்கை சிலிர்க்கும். ஆனால் மேலே வந்தபிறகும் அத்தான் இடத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். எந்தக் குளியாளியும் சொல்ல மாட்டான். பக்கத்து வள்ளத்துக்காரர் எத்தனை நைச்சியமாகக் கேட்டாலும், "கெடச்சுது, அங்கன" என்று கடலைப் பொதுவாகக் காட்டிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்துக்கொள்வார். இந்த 'அங்கன' பின்னால் எங்களைப் படுத்திய பாட்டை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன.

ஒரு நாள் அத்தான் மேலே வந்து வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இடது கால் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை என்றார். நான் தொடையில் கிள்ளினேன், சிரித்தார், அந்தச் சிரிப்பில் பயம் இருந்தது. மறுநாள் காலையில் உணர்ச்சி திரும்பிவிட்டது. ஆனால் டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்: இப்படி ஆழத்தில் மணிக்கணக்காக இருந்துவிட்டுச் சட்டென்று மேலே வருவதைத் தொடர்ந்தால், அடுத்த தடவை கால் திரும்பி வராது. அக்கா அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் முந்தானையை இறுக்கிச் செருகிக்கொண்டு, "கடல்ல எறங்காதீயன்னு நான் சொல்லல. எறங்குனா மொறைப்படி எறங்குங்க. இல்லன்னா அந்தக் கயித்த இன்னைக்கே அடுப்புல போட்டுருவேன்" என்றாள். முறைப்படி என்று அவள் சொன்னது கப்பல்களின் அடிப்பாகத்தைச் சோதிக்கும் ஒரு கம்பெனியின் வேலையை. அங்கே ஆழத்துக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கு உண்டு. படிப்படியாகத்தான் மேலே ஏற்றுவார்கள். கப்பலில் டாக்டர் இருப்பார். குளியாளிகளை அவர்கள் விரும்பி எடுப்பார்கள். ஆனால் ஒன்று: தலைக்கவசத்துக்குள் போன் இருக்கும், கண்ணில் பட்டதை அப்போதைக்கப்போது ஆங்கிலத்தில் மேலே சொல்ல வேண்டும்.

அத்தானுக்கு ஆங்கில வார்த்தைகள் தெரியாமல் இல்லை. துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற எவனுக்கும் இருநூறு முந்நூறு வார்த்தை தெரியும். ப்ரொப்பெல்லர், ரடர், வால்வு, கிராக், லீக், எல்லாம் அவர் வாயில் சரளமாக வரும். வரிசைதான் வராது. முதல் தேர்வு பழைய துறைமுகத்தில் கட்டிக்கிடந்த ஓர் இழுவைக் கப்பலுக்கடியில் நடந்தது. மும்பையிலிருந்து வந்திருந்த மேற்பார்வையாளர் மேலே, போனின் குரல் வரும் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, என்ன தெரிகிறது என்று கேட்டார். அத்தான் ப்ரொப்பெல்லரில் சிக்கியிருந்த வலையைப் பார்த்துவிட்டார். அது தேர்வுக்காகவே வைத்தது. வார்த்தைகள் அத்தனையும் கையில் இருந்தும் எதை முதலில் எடுத்துப் போடுவதென்று தெரியவில்லை. மறுபடி கேட்டார்கள். பெட்டியில் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. அப்புறம் அத்தான், எங்கள் கடற்கரையில் எந்தக் குளியாளியும் செய்யக்கூடியதைச் செய்தார். கண்டுவிட்டேன், இங்கேயே நில்லுங்கள் என்பதற்காகக் கயிற்றை வேகவேகமாக வெட்டி இழுத்தார். அவர்கள் கணக்கில் அது உயிராபத்துக் குறி. நாலு பேர் ஓடினார்கள், அவசரத்துக்கென்று தயாராக நின்ற இன்னொரு குளியாளி தொபுக்கடீர் என்று குதித்தார், அத்தானைத் தூக்கி மேலே கிடத்திக் கவசத்தைக் கழற்றினால், அவர் பேய்முழி முழிக்கிறார். மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரே ஒரு தடவை மறுபடி கூப்பிடுவேன், அதுவரை பேசக் கற்றுக்கொள், இங்கே குரல் செத்த பிறகுதான் கயிறு என்று சொன்னதாக, இந்தி தெரிந்த ஒருவர் எடுத்துச் சொன்னார்.

அன்று அத்தானும் நானும் சேர்ந்தே திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "மாப்ள, நீ படிச்சவன்லா. எனக்குச் சொல்லிக்குடு" என்றார். என்னைவிடப் பதினான்கு வயது பெரியவர். கடற்கரையில் அவரைக் கண்டால் இளவட்டங்கள் பீடியை மறைப்பார்கள். அவர் என்னிடம் அப்படிக் கேட்டது எனக்குக் கூச்சமாக இருந்தது. இன்னொரு சங்கடமும் இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் நான் பரீட்சைதான் எழுதியிருக்கிறேன். ஒரு மனிதனிடம் ஒரு வாக்கியம் பேசியதில்லை. எதிரில் யாராவது ஆங்கிலத்தில் ஆரம்பித்தால் வாயில் கொழுக்கட்டை அடைத்ததுபோல் நின்றுவிடுவேன்.

பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றைத் தூசி தட்டி எடுத்து உட்கார்ந்தேன். முதல் வாக்கியம், ஒரு பையன் மாம்பழம் சாப்பிடுகிறான். அத்தான் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டார். மூன்றாம் நாள், "அவன் தின்னா எனக்கு என்னலே? நான் தண்ணிக்குள்ள போயி மாம்பழமா பாக்கப்போறேன்?" என்று எழுந்து போய்விட்டார். சற்று நேரத்தில் இந்தக் கயிற்றை எடுத்துக்கொண்டு வந்தார். சுருக்கை இடுப்பில் மாட்டிக்கொண்டு, மறு நுனியை என்னிடம் எறிந்துவிட்டு, உள் அறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நீ இழு. நான் சொல்லுதேன். நாற்காலில உக்காந்து எனக்கு எதுவும் ஏறாது." அப்படித்தான் எங்கள் பள்ளிக்கூடம் ஆரம்பித்தது. முதல் இழுப்புக்கு யார். இரண்டாவதுக்கு என்ன செய்கிறார். மூன்றாவதுக்கு எதை. நாலாவதுக்கு எங்கே. வார்த்தை தப்பினால் அடுத்த இழுப்பு கிடையாது. சரியானது வரும்வரை கயிறு சும்மா கிடக்கும்.

தமிழில் செயலைக் கடைசிவரை மடியில் வைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி வரலாம். கேட்கிறவனும் காத்திருப்பான். ஆங்கிலத்தில் ஆள் வந்த கையோடு அவன் செய்தது வந்துவிட வேண்டும். அத்தானுக்கு அது மரியாதையில்லாத பேச்சாகப் பட்டது. "வந்ததும் வராததுமா செஞ்சதச் சொல்லணுமா? கொஞ்சம் உக்காரவிட மாட்டானா வெள்ளக்காரன்?" என்பார். ஆனால் விடவில்லை. அக்கா அடுப்படியில் மீன் அறுக்கிறாள் என்பதை, 'கிச்சன் வைஃப் ஃபிஷ் கட்' என்பதிலிருந்து, 'மை வைஃப் கட்ஸ் ஃபிஷ்' என்பதுவரை கொண்டுவர ஒன்பது நாள் ஆனது. நடு வீட்டில் குறுக்கே கிடக்கும் கயிற்றைத் தாண்டித் தாண்டித்தான் அக்கா குடம் தூக்கினாள், துணி எடுத்துப் போனாள். தன் பெயரில் அத்தனை வாக்கியம் ஓடுவது அவளுக்குத் தெரியும். ஒன்றும் சொல்ல மாட்டாள். ஆனால் அன்றைக்குக் குழம்பு நன்றாக இருக்கும்.

பிழைப்புக்காக, ஆழம் குறைந்த இடத்தில் கொஞ்ச நேரம் மட்டும் என்று அக்காவிடம் சத்தியம் செய்துவிட்டு இறங்கிய கடலிலும் நடத்தினோம். அத்தான் அடியில் சங்கு பொறுக்கும்போது நான் மேலிருந்து மெல்ல ஒன்று, இரண்டு, மூன்று என்று இழுப்பேன். அவர் குழாயைக் கடித்துக்கொண்டே மனசுக்குள் வாக்கியம் கட்டிவிட்டு, முடிந்ததும் கயிற்றை ஒரு தட்டுத் தட்டுவார். ஒரு வாரத்தில் கூடை பாதியாகிவிட்டது. "ஏலே, கயித்துல என்ன தாளம் போடுத? சங்கு எங்கவே?" என்று வள்ளத்து முதலாளி கத்தினார். அத்தான் தலையைத் துவட்டிக்கொண்டே, "ஐ சீ நோ சங்கு" என்றார். வள்ளமே சிரித்தது. முதலாளியும் சிரித்தார். வரிசை சரியாக இருக்கிறது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். சந்தோஷத்தில் கையிலிருந்த டீயைக் கொட்டிவிட்டேன்.

நாலாவது இழுப்புத்தான் நகரவில்லை. யார், என்ன செய்கிறார், எதை என்பது வரை டக்டக்கென்று வரும். எங்கே என்பதற்கு நான் இழுத்தால் அத்தான் வாயை மூடிக்கொள்வார். வார்த்தை தெரியாமல் அல்ல. இருபத்தைந்து வருடம் இடத்தைச் சொல்லாமலே பிழைத்த வாய். வீட்டுக்குள் உட்கார்ந்து அடுப்படி என்று சொல்லக்கூட அவருக்கு மனசு வரவில்லை. கூச்சத்தோடு, "அங்கன" என்பார். எனக்குப் பொறுமை போய்விட்டது. "அத்தான், கப்பல்ல ஓட்டை இருக்குன்னு சொல்லிட்டு எடத்தச் சொல்லாம இருந்தா, கப்பலு முங்கிரும்" என்று ஒரு நாள் சத்தம் போட்டேன். அவரிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான். அவர் திரும்பிப் பார்க்காமல், "இழு" என்றார். இழுத்தேன். இல்லை. "மறுபடி இழு." இல்லை. அன்றைக்கு எத்தனை தடவை என்று எண்ணவில்லை. என் உள்ளங்கை சிவந்த பிறகு, சுவரைப் பார்த்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, 'இன் தி கிச்சன்' என்றார். திருடிய பொருளைத் திருப்பிக் கொடுக்கிறவர்போல் அவர் முகம் இருந்தது.

தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, கயிற்றைத் தாண்டிக்கொண்டிருந்த அக்கா நின்றாள். "கயித்த இழுத்ததுக்குத்தான போன தடவ வெளிய அனுப்புனாவ? நீங்க திரும்பவும் கயித்தப் புடிச்சே படிக்கிய?" என்றாள். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு மாதமாக இது எங்கள் இருவரின் மண்டையிலும் உறைக்கவில்லை. அத்தான் அன்றே முடிவு செய்தார். வாரத்துக்கு ஓர் இழுப்பாகக் குறைக்க வேண்டும். முதல் வாரம் முதல் இழுப்பை நிறுத்தினேன். யார் என்பதை அவராகத் தொடங்கினார். அடுத்த வாரம் இரண்டாவது. அதற்கடுத்து மூன்றாவது. கடைசி வாரம் நாலாவதையும் விட்டேன். கயிறு தொய்ந்து தரையில் கிடக்க, அவர் மட்டும் சுவரிடம் பேசிக்கொண்டிருந்தார். பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லிவிடுகிறேன், எனக்கு வயிற்றெரிச்சலும் இருந்தது. இவர் பாஸானால் இந்தக் கயிற்றை யாரோ முன்பின் தெரியாத ஒருவன் பிடிப்பான். அவனுக்கு என் அக்கா யார்? அந்த வாரம் இரண்டு நாள் தலைவலி என்று பொய் சொல்லிப் பயிற்சிக்குப் போகவில்லை. இரண்டு நாளும் அத்தான் கயிறில்லாமல் தனியாக உட்கார்ந்து பேசினார் என்று அக்கா சொன்னாள். வெட்கமாக இருந்தது. மூன்றாம் நாள் போனேன்.

இரண்டாவது தேர்வுக்கும் நான் கூடப் போனேன். அதே மேற்பார்வையாளர். அத்தான் இறங்கியதும் அவர் என் பக்கம் திரும்பி, நீ யார் என்று ஆங்கிலத்தில் கேட்டார். மூன்று மாதம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். 'ஹீ மை சிஸ்டர் ஹஸ்பண்ட் இஸ்' என்றேன். அவர் கனிவாகத் தலையாட்டினார். பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம்.

கம்பெனி ஆள் ஒருவன் கயிற்றைப் பிடித்து நின்றான். நான் பெட்டியைப் பார்க்கவில்லை. அந்தக் கயிற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன தெரிகிறது என்று மேற்பார்வையாளர் கேட்டார். பெட்டியில் மூச்சு. பிறகு, 'ஐ' என்றது அத்தானின் குரல். 'ஐ சீ.' நிதானமாக, கல் அடுக்குவதுபோல் வந்தது. 'ஐ சீ எ கிராக்.' மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டே, எங்கே என்று கேட்டார். மூச்சு மட்டும் வந்தது. அவர் பேனாவை நிறுத்தினார். மறுபடி கேட்டார். குமிழிகள் மேலே வந்து உடைந்துகொண்டிருந்தன. என் கை தன்னால் காற்றில் இழுத்தது, ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. பக்கத்தில் நின்றவர்கள் எனக்கு வலிப்பு வருகிறதோ என்று பார்த்தார்கள். இழுத்துவிடாதீர்கள் அத்தான், அந்தக் கயிற்றைத் தொட்டுவிடாதீர்கள் என்று மனசுக்குள் கெஞ்சினேன். கம்பெனி ஆளின் கையில் கயிறு அசையவில்லை. கடைசியில் பெட்டி கரகரத்தது. 'ஆன் தி லெஃப்ட் சைட். நியர் தி ரடர். டூ ஃபீட் டவுன்.' கேட்டதற்கு மேலேயே சொல்லிவிட்டார். மேற்பார்வையாளர் எழுதி முடித்துப் பேனாவை மூடினார்.

இதெல்லாம் நடந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. அத்தான் எந்தெந்தத் துறைமுகத்திலோ இறங்கி ஏறுகிறார்; இரண்டு காலாலும் நன்றாக நடக்கிறார். மேலே ஏறியதும் அக்காவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பார். ஒரு இழுப்பு, மேலே வந்துவிட்டேன். வேலைக்குக் கிளம்பும்போது, கம்பெனி வேறு கயிறு தரும் என்று, நான் பிடித்த பக்கத்தில் இவ்வளவை வெட்டி, சுருக்கைப் புதிதாகப் போட்டு எனக்குக் கொடுத்தார். எனக்கும் இந்த அலுவலகத்தில் வேலை கிடைத்தது. ஆங்கிலக் கடிதங்கள் எல்லாம் நான்தான் எழுதுகிறேன். முதலாளிக்கு என் எழுத்தில் பெருமை. ஆனால் கப்பலிலிருந்து கேப்டன் போனில் வந்தால், பக்கத்து மேசையில் இருக்கும் பெண்ணிடம் கொடுத்துவிடுவேன். அவள் இல்லாத நேரத்தில் தப்ப முடியாமல் போனால், இடது கையில் போனை வைத்துக்கொண்டு வலது கையைப் பின்னால் நீட்டி, ஆணியில் தொங்கும் கயிற்றை ஒன்று, இரண்டு என்று இழுப்பேன். அப்போதுதான் வார்த்தை வரிசையில் நிற்கும். ஆணி பெயர்வது அதனால்தான்.

போன மாதம் அத்தான் விடுமுறையில் வந்திருந்தார். ஒரு நாள் காலையில் அலுவலகத்துக்கு வந்து எதிரில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்டேன். அன்றைக்கு இரண்டாவது தேர்வில், எங்கே என்று கேட்டபோது அத்தனை நேரம் ஏன் சும்மா இருந்தீர்கள்? அவர் டம்ளரை வைத்தார். "நீ இழுப்பன்னு காத்துக்கிட்டு இருந்தேன்லே. நீ அங்கன கயிறு புடிக்கலன்னு எனக்குத் தெரியும். ஆனாலும் காத்துக்கிட்டு இருந்தேன். வரல. சரி, நாமளே சொல்லிருவோம்னு சொன்னேன்" என்றார். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தலைக்கு மேலே ஆணியைச் சுற்றிப் பூசியிருந்த புதுச் சிமெண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து வந்து கயிற்றைத் தொட்டார், ஆணியை ஆட்டிப் பார்த்தார். அவரிடம் எதை மறைக்க முடியும்?

"நான் விட்டு எத்தன வருசமாச்சு. நீ இன்னும் விடலயாலே?" என்றார்.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் அடித்தது. பக்கத்து மேசைப் பெண் அன்றைக்கு வரவில்லை. காய்கறி ஏற்றிய எங்கள் படகு இன்னும் வந்து சேரவில்லை என்று ஒரு கேப்டன் ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளினார். என் கை தன்னால் பின்னால் போனது. ஆணி வெறுமையாக இருந்தது. அத்தான் கயிற்றைக் கழற்றிவிட்டிருந்தார். சுருக்கை என் நாற்காலிக் கையில் மாட்டினார். வெளுத்த நுனியைப் பிடித்துக்கொண்டு போய், எதிர்ச் சுவரோரமாக நின்றார். அவர் இழுக்கட்டும் என்று நான் அவர் கையையே பார்த்தேன். கேப்டன், எங்கே, எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தார். கயிறு தொய்ந்து தரையில் கிடந்தது. நான் மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தேன். யார் என்று சொன்னேன், என்ன செய்கிறார்கள் என்று சொன்னேன், எதைக் கொண்டு வருகிறார்கள் என்று சொன்னேன், படகு எந்த இடத்தில் வருகிறது என்பதையும் சொல்லி முடித்தேன். அத்தான் கடைசிவரை இழுக்கவே இல்லை.